முதல் போதும்

விட்டுவிடாதீர்கள், தம்பி. இன்னும் நாலு வாய் வாங்குவான். முகத்தைத் திருப்புகிறான் என்று டப்பாவை மூடப் பார்க்கிறீர்களே, அது சும்மா. பிள்ளை முகத்தைத் திருப்புவதும் பெரிய மனிதன் இலைக்குக் குறுக்கே கையை நீட்டுவதும் ஒன்றுதான். பஸ் ஜன்னல் பக்கம் ஏதாவது காட்டி, வாய் திறக்கிற நேரம் பார்த்து வைத்துவிட வேண்டும்.

சரி, மூடிவிட்டீர்கள். உங்கள் பிள்ளை, உங்கள் இட்லி. நான் யார் சொல்வதற்கு? மதுரையில் என் மகள் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு வருகிறேன். பேரனுக்குக் காதுகுத்து. இராஜபாளையம் போகிறேன். நீங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரா? அப்படியென்றால் நேரம் இருக்கிறது. தூக்கம் வந்தால் தூங்குங்கள், நான் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருக்கிறது. தெரிந்தவர்களிடம் சொன்னால் மகள் பக்கம் பேசுவார்கள்.

என் தொழிலைச் சொன்னால் சிரிப்பீர்கள். நான் பந்தி விசாரிக்கிறவன். சமைக்கிறவன் இல்லை, பரிமாறுகிறவனும் இல்லை. விசாரிக்கிறவன். முன்பெல்லாம் கல்யாண வீட்டில் பெண்ணுக்குப் பெரியப்பாவோ தாய்மாமனோ பந்தியில் நடந்துகொண்டே, "என்ன மாப்ள, சாம்பாரோட எந்திரிக்கப் பாக்குறீக, ரசம் யாரு குடிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டு போவார்கள். இப்போது வீட்டுக்காரர்களுக்குப் போட்டோவுக்கு நிற்கவே பொழுது சரியாக இருக்கிறது. அதனால் சமையல் காண்ட்ராக்டர் என்னை மாதிரி ஓர் ஆளைப் போட்டுவிடுகிறார். வெள்ளைச் சட்டை, சந்தனப் பொட்டு, தோளில் துண்டு. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் என்னைப் பெண்ணுக்குச் சித்தப்பா என்று நினைப்பார்கள். பெண் வீட்டுக்காரர்கள் மாப்பிள்ளைக்குச் சித்தப்பா என்று நினைப்பார்கள். நல்ல முகூர்த்த நாளில் இரண்டு மூன்று மண்டபத்தில் சித்தப்பாவாக இருந்திருக்கிறேன். மறுநாள் பேருந்து நிலையத்தில் பார்த்து, "சித்தப்பா, சௌக்கியமா?" என்று கேட்டவர்கள்கூட உண்டு. சௌக்கியம்தான் என்று சொல்லிவிட்டு வருவேன்.

அந்தத் தொழிலுக்கு ஒரே பாடம்தான். முதல் போதுமை நம்பக் கூடாது. முதல் போதும் மரியாதைக்குச் சொல்வது. இரண்டாவது போதும் பக்கத்து இலைக்காரன் காதில் விழுவதற்காகச் சொல்வது. அதற்கும் மேலே, உடம்பையே கவிழ்த்து இரண்டு கையாலும் இலையை மறைக்கிறான் பாருங்கள், அப்போதுதான் அவன் வயிறு பேசுகிறது. அப்போதும் அந்தக் கைமேலேயே ஒரு கரண்டி வைத்துவிட்டுத்தான் நகர வேண்டும். வைத்தால் செல்லமாகத் திட்டுவான். வைக்காவிட்டால் ஊருக்குப் போய், "கேக்கக்கூட ஆளில்லாத கல்யாணம்" என்பான். பசியோடு வந்தவன்தான் முந்திக்கொண்டு போதும் என்பான், தம்பி. அதை எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. எனக்கே தெரியும்.

இந்தப் பாடத்தை வைத்துத்தான் என் மகள் செவ்வந்தியை வளர்த்தேன். ஒரே பிள்ளை. என் வீட்டுக்காரி ராமலட்சுமிக்குப் பொறுமை கிடையாது. தட்டில் போட்டுப் பிள்ளை முன்னால் வைத்துவிட்டு, "பசிச்சா திம்பா" என்று துணி துவைக்கப் போய்விடுவாள். மாட்டுக்குத் தவிடு வைக்கிற மாதிரி. நான் விடமாட்டேன். பெரிய பள்ளிக்கூடம் போகிறவரைக்கும், நான் வீட்டில் இருந்தால் என் கையால்தான். கடைசிப் பருக்கை போகாமல் தட்டு கழுவியதில்லை. பசி என்றால் என்ன என்று தெரியாமல் வளர்ந்த பிள்ளை. இதை நான் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். சொல்லக்கூடிய விஷயம்தானே?

அவளுக்கு முதலில் பிறந்தவள் கோதை. அடுத்தது வயிற்றில் இருந்தபோது செவ்வந்திக்குச் சர்க்கரை வந்துவிட்டது. ரத்த அழுத்தமும் ஏறியது. உடம்பு கொஞ்சம் கனம், சின்ன வயதிலிருந்தே. படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்கு மில்லில் ஷிப்ட் வேலை. அதனால் ஆடி மாதம் கோதையைக் கொண்டுவந்து எங்களிடம் விட்டார்கள். இரண்டு வயது முடிந்திருந்தது. ஆடியில் கல்யாணம் கிடையாது. எனக்கு வேலை கிடையாது. எனக்கு வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்.

வந்த நாள் மதியம் என் மடியில் உட்கார்ந்து பருப்புச் சோறு சாப்பிட்டாள். நெய் விட்டுக் குழையப் பிசைந்தது. உருண்டையைப் பார்த்தே சிரிப்பாள். தட்டிலிருந்து இரண்டு பருக்கையை எடுத்து, "தாத்தா, ஆ" என்பாள். நான் வாயைத் திறந்தால் உள்ளே வைத்துவிட்டு, நான் மெல்லுகிறேனா என்று பார்ப்பாள். அப்புறம் சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டு, மடியிலிருந்து வழுக்கி இறங்கிப் போய்விடுவாள். அவ்வளவுதான். என்ன கூப்பிட்டாலும் வரமாட்டாள்.

கணக்கே இல்லாத வயிறு. ஒரு நாள் காலையில் கோழி மாதிரி கொத்திவிட்டுப் போவாள், மதியம் என் தட்டையும் சேர்த்து வளைத்துக்கட்டுவாள். ஒரு நாள் முழுக்க வாழைப்பழம் தவிர எதையும் தொடமாட்டாள், மறுநாள் அதையே கண்ணெடுத்துப் பார்க்கமாட்டாள். "அவ வயிறு அவளுக்குத் தெரியும், விடுங்க" என்றாள் ராமலட்சுமி. விட்டுத்தான் இருந்தேன், கொஞ்ச நாள். எதிர்வீட்டு குருவம்மா ஒரு நாள் வாசலில் நின்று கோதையைப் பார்த்துவிட்டு, "ஊருக்கெல்லாம் வயித்த நெறைக்கிறவரு பேத்தி, ஊக்கு மாதிரி இருக்கா" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அவள் சிரிப்பு எனக்குத் தெரியும். தொழில்காரனை அந்த வார்த்தை என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதற்கப்புறம் நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்றால், நிஜமாக உட்கார்ந்தேன். அம்மாவுக்கு ஒரு வாய், அப்பாவுக்கு ஒரு வாய், வயிற்றுக்குள் இருக்கிற தம்பிக்கு ஒரு வாய். அது தீர்ந்ததும் காக்காய்க்கு, அணிலுக்கு, போகிற லாரிக்கு. செல்போனில் பொம்மைப் படம் ஓடவிட்டால் தன்னை மறந்து வாய் திறக்கும். அந்த நேரத்தில் வைத்துவிட வேண்டும். கீரை வேண்டாம் என்பாள். கீரை வாங்கினால் ஒரு துண்டு ஜிலேபி என்று பேசி வைத்துக்கொண்டேன். ஜிலேபிக்காக நாலு வாய் வாங்குவாள். அப்புறம் என்ன ஆனது என்றால், கீரையைக் கண்ணில் பார்த்ததுமே ஜிலேபி என்று கையை நீட்டுவாள். கெட்டிக்காரி.

பிறகு கன்னத்தில் அடக்கிக்கொள்ளப் பழகினாள். வாங்குவாள், விழுங்கமாட்டாள். நான் இரண்டு விரலால் கன்னத்தை மெதுவாக அழுத்துவேன். மெதுவாகத்தான். சில நாள் வாந்தி எடுத்துவிடுவாள். வாய் கழுவிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பேன். வயிறு காலியாகிவிட்டதே, அப்படியே விடமுடியுமா?

ஒரு நாள், தம்பி, தட்டுக்கு மேலே இரண்டு கையையும் விரித்துவைத்து மூடிக்கொண்டு, "போதும் தாத்தா" என்றாள். அப்படியே பந்தியில் உட்கார்ந்த பெரிய மனுஷி மாதிரி. எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் ரத்தம் இல்லையா? பந்தியில் செய்கிறபடியே ஒரு உருண்டையை எடுத்து அந்தக் கைமேலேயே வைத்தேன். அவள் தன் கையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அழவில்லை. விளையாட்டு புரிந்துவிட்டது என்று நினைத்தேன். அதற்கப்புறம் சாப்பாட்டு நேரத்தில் என் செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள். அது ஒரு விளையாட்டு எங்களுக்குள். நான் குனிந்து, "கோதையைக் காணோமே" என்பேன். மூச்சுக்கூட விடமாட்டாள்.

உங்கள் பையன் தூங்கிவிட்டான் பாருங்கள். அரை வயிற்றோடு தூங்குகிறான். சரி, சரி, நான் ஒன்றும் சொல்லவில்லை.

வாந்தி நிற்கவில்லை என்று ராமலட்சுமி என்னோடு சண்டை பிடித்து, பிள்ளையைக் குழந்தை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன். சின்னப் பெண், டாக்டர். எடை பார்த்தார், உயரம் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். பிள்ளை சரியாகத்தான் வளர்கிறது, ஒன்றும் குறைவில்லை என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, "என்ன வைக்கணும், எப்ப வைக்கணும்ங்கிறது உங்க வேல ஐயா. எவ்வளவு சாப்பிடணும்ங்கிறது அவ வேல. ரெண்டு வேலயையும் நீங்களே பாக்காதீங்க" என்றார். பிடிக்காததைக் கட்டாயப்படுத்த வேண்டாம், ஓரமாகக் கொஞ்சம் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள், பத்து தடவை தள்ளினாலும் பதினோராவது தடவை தானாகத் தொட்டுப் பார்க்கும் என்றும் சொன்னார். வெளியே வந்து ராமலட்சுமியிடம் கேட்டேன், அந்தப் பெண்ணுக்கு முதலில் கல்யாணமாவது ஆகியிருக்கிறதா என்று. பசியைப் பற்றி எனக்குப் பாடம்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. பலன் கிடைத்தது. ஐப்பசி முடிகிற சமயம் எல்லாம் நின்றுபோனது. முகத்தைத் திருப்பவில்லை. கையை வைத்து மறைக்கவில்லை. போதும் என்கிற வார்த்தையே இல்லை. நான் உருண்டையை எடுத்ததும் வாய் திறக்கும். வைத்ததும் மூடும். மறுபடி திறக்கும். தட்டு காலி. குருவம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் வாயில் பருக்கை வைப்பதை மட்டும் கோதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தாள். அதை நான் அப்போது கவனிக்கவில்லை. இப்போது உங்களிடம் சொல்லும்போதுதான் ஞாபகம் வருகிறது.

கார்த்திகையில் செவ்வந்திக்குப் பையன் பிறந்தான். மூன்று மாதம் எங்கள் வீட்டில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு போவதாகக் கைப்பிள்ளையோடு வந்தாள். கோதையைக் கட்டிக்கொண்டு அழுதாள். நல்லா புஷ்டியா இருக்காளேப்பா என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்? மதியம், "வந்து பாரு, உன் மக எப்படிச் சாப்பிடுறான்னு" என்று கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

பருப்புச் சோறுதான். நெய்யும் தாராளமாக விட்டிருந்தேன். கோதை சுவரோடு முதுகை ஒட்டி உட்கார்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அது அவள் வழக்கம். வாய் திறந்தது, வைத்தேன், மெல்லாமல் அப்படியே விழுங்கினாள். திறந்தது, வைத்தேன், விழுங்கினாள். ஒரு சத்தம் இல்லை, ஒரு சிணுங்கல் இல்லை. கண்ணோரத்தில் மட்டும் தண்ணீர் கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. சோறு கொஞ்சம் சூடு என்று நினைக்கிறேன். நான் செவ்வந்தி முகத்தைப் பார்த்தேன், எப்படி என்கிற மாதிரி.

அவள் பச்சை உடம்புக்காரி. கையை ஊன்றி எழுந்து வந்தாள். என் கையிலிருந்து தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். கோபமாகப் பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேன். மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, அவ சாப்பிடல. உங்களுக்குப் பயந்து முழுங்குறா."

என்ன பேச்சு இது என்றேன். உன்னையும் இந்தக் கைதானே வளர்த்தது, நீ என்ன குறைந்து போய்விட்டாய் என்றேன். அவள் கொஞ்ச நேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பசின்னா என்னன்னே தெரியாதுப்பா. வயிறு நெறஞ்சா எப்படி இருக்கும்னும் தெரியாது. தட்டு காலியானா நிறுத்தணும், அது மட்டுந்தான் தெரியும். டாக்டர் கேட்டாரு, எப்ப போதும்னு தோணும்னு. எனக்குப் பதில் சொல்லத் தெரியல. எம் புள்ளைக்காவது தெரியட்டும்பா."

பாருங்கள். பசியே தெரியாமல் வளர்த்தான் என்று ஒரு மகள் அப்பனைக் குற்றம் சொல்கிறாள். உலகத்தில் எங்கேயாவது கேட்டிருக்கிறீர்களா? மூன்று மாதம் இருக்க வந்தவள் அந்த வாரமே மாப்பிள்ளையை வரச்சொல்லிக் கிளம்பிவிட்டாள். ராமலட்சுமி தடுப்பாள் என்று பார்த்தேன். அவள் துணிமணியை எடுத்து வைத்துக் கொடுத்தாள். கார் நகரும்போது நான் கோதைக்குக் கையை ஆட்டினேன். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டு ஜன்னல் வழியாக என் கையைப் பார்த்துக்கொண்டே போனாள்.

அதற்கப்புறம் எப்போதாவது மதுரைக்குப் போவேன். வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஊட்டக் கூடாது, அது ஒன்றுதான் பேச்சு. அங்கே சாப்பாடு எப்படித் தெரியுமா? எல்லோரும் சேர்ந்து உட்காருவார்கள். பிள்ளைக்கும் ஒரு தட்டு. எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துவிட்டு, அவரவர் பேச்சைப் பேசிக்கொண்டு சாப்பிடுவார்கள். பிள்ளையை யாரும் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை. ஒரு தடவை பாகற்காய். கோதை நக்கிப் பார்த்துவிட்டுத் தட்டு ஓரத்தில் வைத்தாள். அடுத்த தடவை போனபோது கடித்துத் துப்பினாள். துப்பினாளே என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. அதற்கும் அடுத்த தடவை பார்க்கிறேன், பாகற்காயை எடுத்துத் தானாக மென்றுகொண்டு தம்பியோடு ஏதோ பேசிக்கொண்டிருக்கிறாள். என் எதிரில். பாகற்காய், தம்பி. ஆனால் பருப்பும் நெய்யும் மட்டும் அவள் தட்டில் கிடையாது. உருக்கின நெய் வாசனை வந்தாலே எழுந்து வெளியே போய்விடுவாளாம். அவளுக்காக அந்த வீட்டில் நெய்யே வாங்குவதில்லையாம். அதே பருப்பு, அதே நெய். என் மடியில் உட்கார்ந்து சிரித்துச் சிரித்துத் தின்ற பிள்ளை.

யோசிக்காமல் இல்லை, தம்பி. எனக்கு அதுதான் வேலை இப்போது. உருண்டை பெரிதாகப் போய்விட்டதோ? நெய்யைக் குறைத்திருக்கலாமோ? ஜிலேபிக்குப் பதில் வேறு ஏதாவது கொடுத்திருந்தால்? சூடு ஆறவிட்டிருந்தால்? இன்னும் கொஞ்சம் சின்ன வயதிலேயே என் கைக்கு வந்திருந்தால் பழகியிருப்பாளோ? எப்படி எப்படியோ பார்க்கிறேன். ஒன்றும் பிடிபடமாட்டேன் என்கிறது. இத்தனை பந்தியில் ஓர் ஆளாவது என்மேல் வருத்தப்பட்டு எழுந்ததில்லை. ஒரு குழந்தை வயிற்றில் போய் நான் எங்கே தவறினேன்?

இன்றைக்குக் காதுகுத்து. மண்டபத்துக்குள் போனதும் கால் தானாகப் பந்திப் பக்கம் போனது. செவ்வந்தி ஓடிவந்து கையைப் பிடித்து, "இன்னைக்காவது உக்காந்து சாப்பிடுங்கப்பா" என்றாள். என்னை ஒதுக்குகிறாள் என்று பட்டது. உட்கார்ந்தேன். எத்தனையோ இலைகளை நின்று பார்த்தவன் நான். உட்கார்ந்து பார்த்தால் இலை பெரிதாக, ஆளே இல்லாத மைதானம் மாதிரி இருக்கிறது.

முதலில் இனிப்பு. பூந்தி. அந்தக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது யார் என்கிறீர்கள்? கோதை. ஐந்து வயது தாண்டிவிட்டது. பட்டுப்பாவாடை தடுக்காமல் இருக்க இடுப்பில் செருகியிருக்கிறாள். அவளேதான் பரிமாறுவேன் என்று அடம் பிடித்தாளாம். ஒவ்வோர் இலை முன்னாலும் நின்று, "வைக்கவா?" என்று கேட்கிறாள். வேண்டாம் என்றால் நகர்ந்துவிடுகிறாள். எனக்கு நான்கு இலை தள்ளி மாப்பிள்ளையின் பெரியப்பா. வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அவள் நகர்ந்ததும், "ஏ குட்டி, வேணாம்னா விட்டுட்டுப் போயிருவியா? வம்பு பண்ணி வைக்க வேணாமா?" என்றார்.

அவள் திரும்பி வந்து நின்று யோசித்தாள். "உங்களுக்கு வேணுமா, வேணாமா?"

பந்தியே சிரித்தது. "வேணும் தாயி, வேணும்" என்றார் அவர். வைத்தாள்.

பிறகு என் இலை. எனக்கு எதிரே நின்றாள். முகத்தில் பயம் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும், பயம் இல்லை. மூன்று வருஷத்தில் அவளாக என் பக்கத்தில் வந்து நின்றது இதுதான் முதல் தடவை.

"வைக்கவா தாத்தா?"

தலையை ஆட்டினேன். ஒரு கரண்டி வைத்தாள். நாலு பூந்தி மணி உருண்டு இலைக்கு வெளியே போனது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் இலையில் வைத்தாள். அவள் தலை எண்ணெய் வாசனை எனக்கு வந்தது. நிமிர்ந்து, "இன்னும் வைக்கவா?" என்றாள்.

"போதும்மா" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்காதீர்கள். வாய் சொல்லிவிட்டது. யாராக இருந்தாலும் அதைத்தானே சொல்வார்கள்? இலையிலிருந்து கையை எடுத்து இடம் விட்டுவிட்டுத்தான் சொன்னேன். விசாரிக்கத் தெரிந்தவர்களுக்கு அது புரியும்.

"சரி தாத்தா" என்று அடுத்த இலைக்குப் போய்விட்டாள்.

பிள்ளையைக் குறை சொல்லவில்லை. வளர்ப்பு அப்படி. ஒருவர் போதும் என்றால் இன்னொரு தடவை கேட்டுப் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு அந்த வீட்டில் யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டாம் தடவை கேட்டிருந்தால் வாங்கியிருப்பேன், தம்பி. மூன்றாம் தடவையும் வாங்கியிருப்பேன். எனக்கும் சர்க்கரைதான், ஆனாலும் அந்தக் கிண்ணத்தையே கவிழ்த்திருந்தாலும் வாங்கியிருப்பேன். அவள் பக்கத்தில் நிற்கிறவரைக்கும் வாங்கிக்கொண்டே இருந்திருப்பேன்.

கூப்பிட்டிருக்கலாம்தான். கோதை, தாத்தாவுக்கு இன்னும் வேணும் என்று. அந்தப் பெரியப்பா கேட்கவில்லையா? எனக்கு வரவில்லை. வேண்டும் என்று ஒரு மனிதன் வாய்விட்டு எப்படிக் கேட்பான்? கையை இலையை விட்டுத் தள்ளியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் வரிசையின் கடைசிவரைக்கும் போனாள். கிண்ணம் தீர்ந்ததும் அம்மா அவளைத் தூக்கிக்கொண்டாள். சாம்பார் வந்தது, ரசம் வந்தது, மோர் வந்தது. எல்லோரும் எழுந்தார்கள்.

இலை எடுக்கிறவர் வந்து, "முடிச்சாச்சா ஐயா?" என்றார்.

ஆச்சு என்றேன். அவரும் ஒரு தடவைதான் கேட்டார்.